திறந்த உறை: நூல் அஞ்சல் கட்டண விதிகளும் திருச்சபையின் அச்சுப் பணியும்

திருச்சபை இதழ்களை அஞ்சல் வழியாகப் பெற்றுப் பழகிய நம்மில் பலருக்கு அவற்றின் மேலுறை நினைவிருக்கும். இதழை இரண்டாக மடித்து, நடுவே ஒரு பழுப்புத் தாளைச் சுற்றி, ஓர் ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டியிருப்பார்கள். இரு முனைகளும் திறந்தே இருக்கும். அனுப்புவது நூலானால் சணற்கயிற்றால் கட்டுவார்கள். முடிச்சு எளிதில் அவிழத்தக்கதாக இருத்தல் வேண்டும். முகவரிக்கு மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதியிருக்கும். இவ்வுறைக்குள், 'ஐயா, தங்கள் சந்தா முடிந்துவிட்டது. அன்புகூர்ந்து அனுப்பிவைக்கவும்' என்று கையால் எழுதிய ஒரு சிறு சீட்டை இதழ் அலுவலகத்தார் வைத்துவிட்டால், அந்தக் கட்டு நூற்கட்டு என்னும் தகுதியை அக்கணமே இழந்துவிடும். அது கடிதமாகக் கருதப்படும்; குறைந்த கட்டணத்தை இருமடங்காகப் பெறுபவரிடமிருந்தே தண்டுவார்கள். சந்தா நினைவூட்டலுக்கு இதைவிடப் பொருத்தமற்ற முறை வேறில்லை என்பதை இதழ் நடத்தியோர் அறிவர்.

இவ்விதிக்கு ஒரு காரணம் உண்டு. அச்சிட்ட நூலையும் இதழையும் கடிதத்தைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் கொண்டுசெல்ல அரசு இசைந்தபோது, அதற்கு ஈடாக ஒன்றைக் கேட்டது. அனுப்பப்படும் சொல் ஒருவருக்கு மட்டும் உரியதாக இருத்தல் கூடாது. எவரும் படிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். அவ்வாறுதான் உள்ளதா என்று அஞ்சலக ஊழியர் பார்ப்பதற்கு உறை திறந்திருத்தல் வேண்டும். கட்டணச் சலுகையும் திறந்த உறையும் ஒரே உடன்படிக்கையின் இரு பக்கங்கள். கடந்த இருநூறு ஆண்டுகளாகத் திருச்சபையின் அச்சுப் பணி பெரும்பாலும் இவ்வுடன்படிக்கையின்மீது நின்றே நடந்திருக்கிறது. ஆயினும் நம் மறைபணி வரலாறுகள் அச்சுக்கூடங்களைப் பற்றியும் மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றியும் விரிவாகப் பேசுகின்றன; அச்சான தாள் எந்தக் கட்டணத்தில், எந்த விதியின்கீழ் ஊர்களுக்குச் சென்றது என்பதை ஏறக்குறைய விட்டுவிடுகின்றன. அக்குறையை ஓரளவேனும் நிரப்புவதே நம் நோக்கம்.

இங்கிலாந்தில் தொடங்குவோம். 1840-ஆம் ஆண்டு சனவரி 10-ஆம் நாள், ரோலண்டு ஹில் என்பவரின் முயற்சியால், நாட்டின் எப்பகுதிக்கும் அரை அவுன்சு எடையுள்ள கடிதம் ஒரு பென்னிக்குச் செல்லும் முறை நடைமுறைக்கு வந்தது. ஏழைகளும் கடிதம் எழுதலாயினர். நூலுக்கோ இதனால் பெரும் நன்மை விளையவில்லை. ஓர் அவுன்சுக்கு மேற்பட்ட எடைக்கு அவுன்சு ஒன்றுக்கு 2 பென்னி வீதம் கட்டவேண்டியிருந்ததால், ஒரு பவுண்டு எடையுள்ள நூலைக் கடிதக் கட்டணத்தில் அனுப்ப 32 பென்னி ஆயிற்று. 1848-ஆம் ஆண்டில் நூலஞ்சல் என்னும் தனி வகை ஏற்பட்டபோது அதே எடைக்கு 6 பென்னி போதுமானதாயிற்று. 1855-இல் அதுவும் 4 பென்னியாகக் குறைந்தது. செய்தித்தாள்களின் கதை வேறு. அவற்றின்மேல் 1712 முதல் முத்திரை வரி இருந்தது. 1815-இல் அது இதழ் ஒன்றுக்கு 4 பென்னியாக உயர்ந்து, 1836-இல் ஒரு பென்னியாகக் குறைந்தது. முத்திரை குத்திய தாள் அஞ்சலில் கட்டணமின்றிச் செல்லும். ஆகவே வரியே அஞ்சற் கட்டணமாகவும் இருந்தது எனலாம். வரி கட்ட இயலாத ஏழைகளின் தாள் சட்டத்திற்குப் புறம்பானது. இவ்வரிகளை 'அறிவின்மீது விதித்த வரிகள்' என்று எதிர்த்துப் போராடியவர்கள் வென்றார்கள். 1855-இல் கட்டாய முத்திரை வரியும் 1861-இல் தாள் வரியும் நீங்கின. 1870-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து செய்தித்தாள் அரைப் பென்னிக்குச் செல்லலாயிற்று.

இங்கிலாந்தின் வரலாற்றில் கட்டணம் குறைந்த கதையே முதன்மையானது. திறந்த உறையின் விலை என்ன என்பதை அறிய நாம் அமெரிக்கா செல்லவேண்டும்.

சார்ல்ஸ்டன் நகரத்தில் ஓரிரவு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் காங்கிரசு 1792-ஆம் ஆண்டிலேயே செய்தித்தாள்களுக்கு வியக்கத்தக்க சலுகை அளித்தது. 100 மைல் வரை ஒரு சென்ட். அதற்கு மேல் எவ்வளவு தொலைவாயினும் ஒன்றரை சென்ட். கடிதத்திற்கோ தொலைவுக்கேற்பக் கட்டணம் ஏறி, 25 சென்ட் வரை சென்றது. அதாவது, ஒரே ஒரு தாளில் எழுதிய கடிதத்தின் கட்டணத்திற்கு அதே ஊருக்குப் பதினாறு செய்தித்தாள்களை அனுப்பலாம். செய்தித்தாள் நடத்துவோர் தம் தாள்களை ஒருவருக்கொருவர் இலவசமாகவே அனுப்பிக்கொள்ளலாம். குடியரசின் குடிமக்கள் ஆட்சியைப் பற்றி அறிந்திருத்தல் வேண்டும் என்பதே இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். நூல்களுக்கு இச்சலுகை கிட்டவில்லை. கட்டப்பட்ட நூல்கள் அஞ்சற் பைகளைக் கனக்கச் செய்யும் என்று கருதப்பட்டதால், 1851 வரை அவை அமெரிக்க அஞ்சலில் ஏற்கப்படவேயில்லை. ஆதலால் அந்நாட்டு வேதாகமச் சங்கமும் துண்டுப்பிரதிச் சங்கமும் தம் நூல்களைப் பரப்ப வண்டிகளையும் ஊழியர்களையுமே நம்பியிருந்தன. மெல்லிய தாள்களாக மாதந்தோறும் வெளியிட்டால் மட்டுமே அஞ்சல் அவற்றைச் சுமக்கும்.

இந்த வழியை முழுமையாகப் பயன்படுத்த முன்வந்தது அமெரிக்க அடிமை ஒழிப்புச் சங்கம். அதன் தலைவர்களில் ஆர்தர் டாப்பன், லூயிஸ் டாப்பன் என்னும் நியூயார்க்கு வணிகச் சகோதரர் இருவரும் எழுப்புதல் இயக்கத்தின் நெருப்பில் வளர்ந்தவர்கள். துண்டுப்பிரதிப் பணிக்கும் மறைபணிக்கும் வாரி வழங்கியவர்கள். நற்செய்தியைப் பரப்பக் கற்ற முறையை அடிமைத்தனத்திற்கு எதிராகத் திருப்பினார்கள் என்பதே உண்மை. 1835-ஆம் ஆண்டு மே மாதத்தில் சங்கம் ஒரு திட்டம் வகுத்தது. நான்கு மாத வெளியீடுகள், அவற்றுள் ஒன்று சிறுவர்க்குரியது, நீராவியால் இயங்கும் அச்சுப்பொறியில் பல்லாயிரம் படிகளாக அச்சாகும். தென் மாநிலங்களிலுள்ள போதகர்கள், வழக்கறிஞர்கள், அரசு அலுவலர்கள் முதலியோரின் பெயர்களைத் திரட்டி, கேளாமலேயே அவர்களுக்கு அனுப்பப்படும். அடிமைகளுக்கு அவை அனுப்பப்படவில்லை; அடிமைகளை உடையவர்களின் மனச்சான்றுக்கே அனுப்பப்பட்டன. சூலை மாத இறுதிக்குள் ஏறக்குறைய 1,75,000 படிகள் நியூயார்க்கு அஞ்சலகத்தின் வழியாகச் சென்றன என்று கணக்கிடுகிறார்கள். கடிதக் கட்டணத்தில் இது நினைத்தும் பார்க்க இயலாத செயல்.

1835 சூலை 29-ஆம் நாள் 'கொலம்பியா' என்ற நீராவிக் கப்பல் இத்தகைய கட்டுகளோடு தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தை அடைந்தது. நகர அஞ்சலதிபர் அவற்றைப் பிற அஞ்சல்களிலிருந்து பிரித்துத் தனியே வைத்து, என்ன செய்வதென்று தலைநகருக்கு எழுதிக் கேட்டார். அவரால் பிரிக்க முடிந்தது எப்படி? அவை அச்சிட்டவை, முத்திரையிடாதவை, பார்த்த மாத்திரத்தில் இன்னதென்று தெரிபவை. அரக்கு முத்திரையிட்ட கடிதங்களாக இருந்திருந்தால் எது எதுவென்று அவருக்குத் தெரிந்திராது. மலிவான கட்டணம் எந்த வாயிலைத் திறந்ததோ அதே வாயில் வழியாகத்தான் தடையும் உள்ளே வந்தது.

அன்றிரவு ஒரு கூட்டம் அஞ்சலகச் சாளரத்தை உடைத்து நுழைந்து அப்பைகளை எடுத்துச் சென்றது. மறுநாள் இரவு, ஆயிரக்கணக்கானோர் சூழ்ந்து நிற்க, அணிவகுப்புத் திடலில் அவை எரிக்கப்பட்டன. ஆர்தர் டாப்பன், வில்லியம் லாயிட் காரிசன், பிரெசுபிற்றேரியன் போதகரான சாமுவேல் காக்ஸ் ஆகியோரின் உருவப் பொம்மைகளும் அந்நெருப்பில் வெந்தன. சில நாள்களுக்குப்பின் நகரமக்களின் பொதுக்கூட்டம் கூடியபோது, எல்லாச் சபைப் பிரிவுகளின் குருமாரும் ஒருசேர வந்து கலந்துகொண்டு அதன் நடவடிக்கைகளுக்குத் தங்கள் ஆதரவைத் தெரிவித்தனர் என்று அந்நகரச் செய்தித்தாளே பெருமையோடு எழுதியது. அடிமை ஒழிப்பாளர்கள் இச்செய்தியைப் பின்னர்த் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டினார்கள். எரிந்த தாள்களில் போதகர்களுக்கென்று முகவரியிட்டவையும் இருந்தன. தமக்கு வந்த அஞ்சலைத் தாம் படிக்குமுன் எரித்தவர்களை அக்குருமார் வாழ்த்தினார்கள். திருச்சபை வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் இக்காட்சியைக் கடந்து விரைந்து போய்விடலாகாது.

அஞ்சல்துறைத் தலைவர் ஆமோஸ் கெண்டல் தெளிவான ஆணை எதுவும் பிறப்பிக்கவில்லை. அத்தாள்களைத் தடுத்து நிறுத்தத் தமக்குச் சட்டப்படி அதிகாரமில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் தடுத்தவரைக் கண்டிக்கவும் மறுத்தார். அதன்பின் நியூயார்க்கு அஞ்சலதிபரே அவற்றை முளையிலேயே நிறுத்தலானார். அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் அவ்வாண்டு திசம்பரில், இத்தகைய வெளியீடுகளை அஞ்சலில் தடை செய்யச் சட்டம் இயற்றுமாறு காங்கிரசைக் கேட்டார். கல்கூன் வேறொரு வடிவில் கொணர்ந்த மசோதா 1836 சூன் மாதத்தில் மேலவையில் தோற்றது. அடுத்த மாதமே நிறைவேறிய அஞ்சற் சட்டம், அஞ்சலைத் தடுத்து வைக்கும் அஞ்சலதிபருக்குத் தண்டனை விதித்தது! ஏட்டில் சட்டம் இவ்வாறிருக்க, தென் மாநிலங்களின் அஞ்சலகங்கள் உள்நாட்டுப் போர்க்காலம் வரை அத்தகைய தாள்களைத் தடுத்தே வந்தன. கட்டண விதி பொதுவானதாக இருந்தும், அதனால் பயன்பெறுவோர் யார் என்பதைப் பையைத் திறந்து பார்த்த கைகளே முடிவு செய்தன.

தமிழ் நிலத்தில்

இதே ஆண்டுகளில்தான் நியூ இங்கிலாந்துச் சபைகள் அனுப்பிய மறைபணியாளர்கள் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தங்கள் அச்சகத்தை நடத்தத் தொடங்கினார்கள், ஆண்டு 1834. 1841 சனவரியில் அங்கிருந்து 'உதயதாரகை' வெளிவந்தது. மாதம் இருமுறை வரும் இதழ் என்பது, குறித்த நாளில் வாசகர் கையைச் சேரவேண்டிய பொருள். துண்டுப்பிரதியை ஊழியர் கையில் கொடுத்தனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கலாம். இதழுக்கு அது ஒவ்வாது.

இந்தியப் பகுதியிலோ நிலைமை கடினமாக இருந்தது. 1837-ஆம் ஆண்டின் சட்டம் அஞ்சலை அரசின் தனியுரிமையாக்கியபோதும் கட்டணத்தைத் தொலைவின்படியே வைத்தது. கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடையுள்ள கடிதம் அனுப்ப ஒரு ரூபாய். நூல்கள் போன்ற கனத்த பொருள்களைப் பங்கி ஆட்கள் மூங்கிற்காவடியில் தொங்கவிட்டுச் சுமந்தனர். மதராசில் அச்சான ஒரு வேத பகுதி தென்கோடி ஊர் ஒன்றுக்குப் போக, மாட்டுவண்டியோ கரையோரத் தோணியோ புத்தகக் கட்டைத் தலையில் சுமந்த ஊழியரோ துணை. இந்நிலையை மாற்றியது டல்கௌசி பிரபுவின் காலத்தில் வந்த 1854-ஆம் ஆண்டின் அஞ்சற் சட்டம். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து கட்டணம் தொலைவைப் பொறுத்ததன்று, எடையைப் பொறுத்ததாயிற்று. கால் தோலாக் கடிதம் அரை அணாவிற்கு இந்தியாவின் எந்த மூலைக்கும் செல்லும். இம்மாற்றத்தின் பொருளை அருட்பணி நோக்கிலிருந்து பார்த்தால், மதராசுக்கு அண்மையிலுள்ள சபைக்கும் தொலைவிலுள்ள சபைக்கும் இருந்த வேற்றுமை அஞ்சலகச் சாளரத்தில் நீங்கிவிட்டது.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப்பின், 1858-இல், இந்தியக் கிறிஸ்தவத் தாய்மொழிக் கல்விச் சங்கம் தோன்றியது. 1891-இல் இதுவே கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் என்ற பெயரைப் பெற்றது. இச்சங்கத்தை உருவாக்கி நடத்திய ஜான் மர்டாக் ஸ்காத்லாந்தில் பிறந்தவர். 1844-இல் இலங்கை வந்து, பின்னர் இந்தியாவிற்கு வந்தவர். 1904-இல் மதராசில் மறைந்தார். தமிழில் அதுவரை அச்சான நூல்களையெல்லாம் வகைப்படுத்தி 1865-இல் அவர் வெளியிட்ட பட்டியலைத் தமிழறிஞர்கள் இன்றும் நன்றியோடு பயன்படுத்துகின்றனர். அவர் எழுதியவற்றைவிட அவர் கவலைப்பட்டவை நமக்குப் பாடமாகும். நூலின் விலை, தாளின் தரம், விற்பவர் செல்லும் வழி ஆகியவற்றில் அவர் செலுத்திய கவனத்தை நம் மறைநூல் பேராசிரியர் சிலர் கடைக்காரரின் வேலை என்று கருதக்கூடும். ஆனால் அக்கடைக்கணக்கு இல்லாவிடில் எழுதியது பெட்டியிலேயே இருந்திருக்கும்.

1877-இல் வந்த மற்றொரு முறையை நம் மூத்தோர் 'வி.பி.பி.' என்றே அழைத்தனர். நூலை அஞ்சலில் அனுப்பினால், அஞ்சற்காரர் அதைக் கொடுக்கும்போது விலையைப் பெற்று, அனுப்பியவருக்குச் சேர்ப்பிப்பார். முன்பணம் அனுப்ப அஞ்சிய வாசகரும் கடன் கொடுக்க அஞ்சிய பதிப்பாளரும் ஒருவரையொருவர் பாராமலே நம்பிக்கை கொள்ள இது வழிசெய்தது. புத்தகக்கடை இல்லாத ஊரில் பணியாற்றிய உபதேசியார் ஒருவர், தமக்கு வேண்டிய விளக்கவுரையைத் தாமே தேர்ந்தெடுத்து வரவழைக்கும் உரிமையை இதனாலேயே பெற்றார். அதுவரை மிஷன் பங்களாவிலிருந்து எது வந்ததோ அதுவே அவர் நூலகம்.

அஞ்சல் நமக்கு மட்டும் உழைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில், திருமறையைத் தமிழாக்கும் பணியில் பெர்சிவல் ஐயருக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1849-இல் வண்ணார்பண்ணையில் தமது அச்சகத்தை நிறுவிச் சைவ நூல்களையும் கிறிஸ்தவத்தை மறுக்கும் நூல்களையும் வெளியிட்டார். மதராசில் 1887-இல் தோன்றிய இந்து துண்டுப்பிரதிச் சங்கம் பெயரிலும் முறையிலும் நம் சங்கங்களைப் பின்பற்றி, மறைபணியாளர்களை எதிர்த்து எழுதிப் பரப்பியது. இருதரப்பாரின் கட்டுகளுக்கும் அரசு அஞ்சலில் எடைக்கேற்ற ஒரே கட்டணம். கிறிஸ்தவ அரசின் அஞ்சல் எதிர்ப்பாளரின் தாளைச் சுமக்கலாமா என்று மனம் நொந்தவர்களின் நிலையைச் சார்ல்ஸ்டன் குருமாரின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இங்கே எவரும் பைகளை எரிக்கவில்லை. வாதத்திற்கு வாதம் அச்சாயிற்று. தமிழ் உரைநடை அடைந்த நன்மை சிறிதன்று.

முப்பத்தோரு நாள்

பின்னர் வந்த 1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம் 125 ஆண்டுகளுக்கு மேல் நம்மை ஆண்டது. அதன் 9-ஆம் பிரிவு செய்தித்தாள் இன்னதென்று வரையறுத்தது. அரசியற் செய்திகளையோ பிற செய்திகளையோ, அவற்றைப் பற்றியும் பிற நடப்புப் பொருள்களைப் பற்றியும் எழுதிய கட்டுரைகளையோ முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ கொண்டிருத்தல் வேண்டும். உண்மையான சந்தாதாரர் பட்டியல் இருத்தல் வேண்டும். ஓர் இதழுக்கும் அடுத்த இதழுக்கும் இடையே 31 நாள்களுக்கு மேற்படலாகாது. இவற்றை நிறைவேற்றிப் பதிவுபெற்ற இதழுக்கு மட்டுமே மிகக் குறைந்த கட்டணம்.

இவ்வரையறை இறையியல் இதழ்களை எங்கே நிறுத்தியது என்று பாருங்கள். சபைச் செய்திகளைத் தாங்கிய மாத இதழ் எளிதில் நுழைந்துவிடும். பேராயத்தின் திருமணச் செய்தியும் ஆயர் மாற்றமும் செய்தியே. காலாண்டுக்கு ஒருமுறை வரும் ஆய்விதழ் எவ்வளவு ஆழமுடையதாயினும் 31 நாள் என்ற வேலியைத் தாண்ட இயலாது. மாதந்தோறும் வரும் திருமறை விளக்க ஏட்டிற்கோ வேறொரு கேள்வி எழும். ரோமர் நிருபத்தின் விளக்கம் 'நடப்புப் பொருள்' ஆகுமா? ஆகும் என்று நாம் பிரசங்க பீடத்திலிருந்து உறுதியாகச் சொல்வோம். அஞ்சலக மேற்பார்வையாளரிடம் அதை நிலைநாட்டுவது வேறு. நாளுக்கு நாள் நிகழ்வதை அறிவதே குடிமக்களின் தேவை என்ற 1792-ஆம் ஆண்டின் எண்ணமே இங்கும் அடியில் ஓடுகிறது. மெல்லச் சிந்தித்து எழுதியதற்கு அவ்வெண்ணத்தில் இடமில்லை. ஆதலால் காலாண்டிதழ்கள் நூற்கட்டு என்ற பொது வகையில் கூடுதல் வில்லை ஒட்டிச் சென்றன.

பதிவுபெற்ற இதழ்களின் கட்டணம் எவ்வளவு தாழ்ந்திருந்தது என்பதற்கு ஒரு சான்று. 50 கிராமுக்கு மேற்படாத இதழுக்குக் கட்டணம் 25 காசு. இந்திய அரசு 25 காசு நாணயத்தை 2011 சூன் 30-ஆம் நாளோடு செல்லாததாக்கிய பின்னும் அக்கட்டணம் நீடித்தது. நாணயம் மறைந்தும் அதன் பெயரால் இதழ்கள் பயணம் செய்தன. அச்சிட்ட நூல்களுக்கும் இத்தகைய பரிவு இருந்தது. 100 கிராமுக்கு ஒரு ரூபாய் என்னும் வீதத்தோடு பதிவுக் கட்டணம் 17 ரூபாயும் வரியும் சேர்ந்து, 5 கிலோ நூல்கள் ஏறக்குறைய 80 ரூபாய்க்கு நாட்டின் எக்கோடிக்கும் பதிவஞ்சலில் சென்றன. சிறு பதிப்பகங்களின் மூச்சு இதில் இருந்தது. நம் இறையியல் நூல் வெளியீடுகளில் ஐந்நூறு படி அச்சிட்டு இரண்டு ஆண்டுகளில் விற்பவை பல. அவற்றை வாங்குவோர் மலைநாட்டுத் தோட்டச் சபைகளிலும் கடற்கரைச் சிற்றூர்களிலும் இருப்பவர்கள்.

வெளிநாட்டு நூல்களுக்கு மற்றொரு வழி இருந்தது. அனைத்துலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிப்படி, ஒரே முகவரிக்குச் செல்லும் அச்சுப்பொருள்களை 'எம்' பை என்னும் தனிச் சாக்கில் 30 கிலோ வரை இட்டு அனுப்பலாம். கப்பலில் மாதக்கணக்கில் மிதந்து வந்து, மூலைகள் மழுங்கிய கனத்த நூல்களை அச்சாக்கிலிருந்து கொட்டியெடுத்த அனுபவம் இறையியல் கல்லூரி நூலகர்கள் பலருக்கு உண்டு. ஓய்வுபெற்ற மேனாட்டுப் போதகர்களின் நூலகங்கள் இவ்வாறே நம் அலமாரிகளுக்கு வந்தன. பயனுள்ளவையும் வந்தன, அவர்களுக்கே பயன்படாதவையும் வந்தன. 2007 மே 14-ஆம் நாள் அமெரிக்க அஞ்சல்துறை வெளிநாடுகளுக்கான கப்பலஞ்சலை நிறுத்தியது. வான்வழிக் கட்டணம் பலருக்கு எட்டாததாயிற்று.

விதியை மாற்றுவது யார்?

1898-ஆம் ஆண்டின் சட்டத்தில் கட்டணங்கள் முதல் அட்டவணையாக இணைக்கப்பட்டிருந்தன. அவற்றை உயர்த்தவேண்டுமானால் நிதிநிலை அறிக்கையோடு வரும் நிதி மசோதாவில் அவ்வட்டவணையைத் திருத்தவேண்டும். அஞ்சலட்டைக்கு ஒரு காசு கூட்டினாலும் நாடாளுமன்றத்தில் எவராவது எழுந்து கேட்பார். மறுநாள் செய்தித்தாளில் வரும். 2023-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் 2024 சூன் 18-ஆம் நாள் நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தை நீக்கியது. புதிய சட்டத்தில் அட்டவணை இல்லை. கட்டணம் பற்றிய விதிமுறைகளை வகுக்கும் பொறுப்பு அஞ்சல்துறையின் தலைமை இயக்குநரிடம் தரப்பட்டது. நூல் அஞ்சலின் வரலாற்றில் இது கட்டண உயர்வைவிடப் பெரிய மாற்றம் என்பது நம் கருத்து. எவ்வளவு என்ற கேள்வி முன்பு மக்கள் பிரதிநிதிகளிடம் இருந்தது; இப்போது அலுவலகத்திற்குள் சென்றுவிட்டது.

இதன் பொருள் விரைவில் விளங்கிற்று. 2024 திசம்பர் 18-ஆம் நாள் நாடெங்கும் அஞ்சலகச் சாளரங்களில், அச்சிட்ட நூல்களுக்கான பதிவஞ்சல் வகை கணினியில் இல்லையென்று சொல்லப்பட்டது. முன்னறிவிப்பு இல்லை. அதே 5 கிலோ நூல்களைப் பதிவுப் பார்சலாக அனுப்ப முந்தைய கட்டணத்தைப்போல் இருமடங்கிற்கும் மேல் ஆயிற்று. பதிப்பாளர்களும் புத்தக ஆர்வலர்களும் முறையிட்டனர்; செய்தித்தாள்கள் எழுதின. ஏறக்குறைய நாலரை மாதங்களுக்குப் பின், 2025 மே முதல் நாளில் 'ஞான் போஸ்ட்' என்ற புதிய வகை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவிற்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியே செல்லும், சென்ற இடத்தைக் கண்டறியலாம். பாடநூல்களோடு சமூக, பண்பாட்டு, சமய நூல்களும் இதில் ஏற்கப்படும் என்று அறிவிப்பில் வெளிப்படையாகச் சொல்லியிருப்பது நமக்கு முக்கியம்.

புதிய பெயரின்கீழ்ப் பழைய உடன்படிக்கை அப்படியே இருக்கிறது. நூலில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருத்தல் வேண்டும். தற்செயலான நூல் அறிவிப்புகள் தவிர விளம்பரம் கூடாது. தனிப்பட்ட கடிதச் செய்தி கூடாது. வணிக இயல்புடைய வெளியீடுகள் ஏற்கப்படா. குறித்த காலத்திற்கு ஒருமுறை வருபவையும் ஏற்கப்படா. விலை குறித்து விற்கும் திருச்சபை நூல் 'வணிக இயல்புடையது' ஆகுமா என்பதை ஒவ்வோர் அஞ்சலகமும் ஒவ்வொருவாறு எண்ண இடமுண்டு. அத்தகைய ஐயம் எழும் இடங்களில் நம் வெளியீட்டுச் சங்கங்கள் தனித்தனியே சாளரத்தில் வாதாடிக்கொண்டிராமல், அறிவிப்பின் சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துமூலம் விளக்கம் பெறுதல் நன்று. தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் சிறு அளவில் வெளியிடும் சமயச் சார்பற்ற பதிப்பாளர்களும் இதே கேள்வியோடு நிற்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து கேட்பதில் நமக்குக் கூச்சம் வேண்டியதில்லை.

கட்டணமே இல்லாத ஒரு வகையையும் குறிப்பிட்டாகவேண்டும். பார்வையற்றோர்க்கான பிரெயில் நூல்களை 7 கிலோ வரை தரைவழியே இந்திய அஞ்சல் இலவசமாகச் சுமந்துவந்திருக்கிறது. அனைத்துலக அஞ்சலிலும் 1952-இல் பிரசல்சு மாநாடு இச்சலுகையை வழங்கியது. பிரெயில் எழுத்தில் தமிழ்த் திருமறை பல தொகுதிகளாக விரிந்து ஓர் அலமாரியை நிரப்பும். இக்கட்டும் முத்திரையிடாமல், பார்வையிடத்தக்கதாகவே அனுப்பப்படவேண்டும். திறந்து பார்க்கும் ஊழியருக்கு அப்புள்ளிகளைப் படிக்கத் தெரியாது. ஆயினும் விதி விதிதான்.